செவலைக்குப் பழகிய கை

மக்கா,

தொழுவத்தில் நீ மாட்டிவைத்த கேமரா கெட்டுப்போகவில்லை. நான்தான் அதன்மேல் தவிட்டுச் சாக்கைக் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டினேன். "எப்பா, ஒண்ணும் தெரியல்ல, இருட்டாட்டு கெடக்கு, வயரை எலி கடிச்சிட்டா பாரு" என்று அப்பாவைப் போட்டு உலுக்கி எடுத்தாயாம். எலி கடிக்கவில்லை. நீ பார்க்காவிட்டாலும் மாடும் கோழியும் நானும் உயிரோடுதான் இருக்கிறோம். ஒரு மனுஷி விடிவதற்கு முன்னால் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, நைட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாணி அள்ளுகிறாள். பெங்களூரில் ஒருவன் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்க்கிறான். அவன் அவள் பெற்ற பிள்ளையாகவே இருந்தாலும் அவளுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அதோடு விட்டாயா? "எம்மா, செவலை சாணியில படுத்துக் கெடக்கு, எழுப்பி விடு" என்று போன் வேறு. அது சாணியில் படுத்தது எனக்குத் தெரியாதா? அதை எழுப்பத்தான் நான் வாளியோடு போய்க்கொண்டிருந்தேன். உன் போனை எடுக்க வாளியைக் கீழே வைத்தேன், அந்த நேரத்தில் கன்று வாளியைத் தட்டிவிட்டது.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ "சரிம்மா, மீட்டிங் இருக்கு, பொறவு பேசுகேன்" என்பாய். உன் பொறவு எனக்குத் தெரியும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து இவ்வளவு நீளமாக எதையும் எழுதியிராத நான், கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது கோபத்தால் வந்தது. கை நடுங்குகிறது என்று நினைத்து உடனே டாக்டரைத் தேடாதே.

போன வாரம் மார்த்தாண்டத்தில் உன் நிச்சயதார்த்தம் நடந்தது. பாஸ்டர் ஜெபம் பண்ணி முடித்து, எல்லோரும் பலகாரம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் உன் வருங்கால மாமனார் கேட்டார், கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பதாக உத்தேசம் என்று. நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரெண்டு வருஷம் பெங்களூர் மாமா. அதுக்குப் பொறவு ஊருதான். எங்களுக்குப் பண்ணை உண்டு. அம்மா நல்லா பாத்துக்கிடுகா" என்றாய். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் இருந்த முந்திரிக்கொத்தை மென்றுகொண்டே இருந்தேன். இந்த ரெண்டு வருஷத்தை நீ எனக்குச் சொல்லியே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது அதைப் புதிதாக இன்னொரு வீட்டுக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டாய்.

நீ சொன்ன பண்ணை எது என்று கொஞ்சம் பார்ப்போம். வீட்டுக்குப் பின்னால் தென்னைக்கும் வாழைக்கும் நடுவே தகரம் போட்ட ஒரு தொழுவம். மூன்று மாடு, ஒரு கன்று. கம்பிவலை அடித்த ஒரு கூடு, அதில் இருக்கவேண்டிய கோழிகள், அதில் இல்லாமல் ஊரெல்லாம் மேயும் கோழிகள். உனக்கு நினைவிருக்கும், முன்பு நாம் ஒற்றை மாடுதான் வைத்திருந்தோம். நம் வீட்டுத் தேயிலைத் தண்ணிக்குப் போக மீதிப் பாலை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். அது கிழடாகிச் செத்தபோது நான் உன் அப்பாவிடம், "போதும், இனி கவர் பால் வாங்கிக்கிடலாம்" என்றேன். அவர் டிரான்ஸ்போர்ட்டில் கண்டக்டராக நின்றே கால் போன மனுஷன், சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். அந்த லீவில்தான் நீ வந்தாய். "எம்மா, நான் வந்து பாத்துக்கிடுகேன். அதுவர நீ சும்மா நிண்ணு பாத்தா போதும்" என்றாய். பூதப்பாண்டிப் பக்கம் போய்ச் செவலையை ஓட்டிவந்தாய். அடுத்த லீவில் கருப்பும் வெள்ளையுமாக இன்னொன்று வந்தது, அதன் கிடாரியோடு. அதற்கடுத்த லீவில் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கோழிக்குஞ்சுகள். வாசலில் பலகை எழுதி மாட்டினாய். போட்டோ எடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வடசேரியில் பஸ் ஏறிவிட்டாய்.

சும்மா நின்று பார்ப்பது எப்படி என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். விடியுமுன் சாணியை அள்ளித் தொழுவத்தைக் கழுவவேண்டும். மடியைக் கழுவிக் கறந்து, சொசைட்டி வண்டி வருவதற்குள் கேனை ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, வைக்கோலை உதறிப் போட்டு, பிண்ணாக்கை ஊறவைக்க வேண்டும். மத்தியானம் கண் அசரலாம் என்று சாய்ந்தால் கோழி கத்தும். கீரி வந்திருக்கும். முட்டை இட நீ கூட்டுக்குள் வரிசையாகப் பெட்டி செய்து வைத்தாய் அல்லவா, அதில் ஒன்றுகூட இடாது. வைக்கோல் படப்புக்குள், விறகுக்கு அடியில், அடுத்த வீட்டு வாழை மூட்டில்தான் இடும். உன் அப்பா குனிந்து குனிந்து தேடுவார். சாயங்காலம் திரும்பவும் கறவை. ஐப்பசி மழையில் தொழுவத்துக்குள் தண்ணீர் ஏறினால் இரவும் பகலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன். அவசரத்தில் குளித்தது பத்தாமல் என்மேல் மாட்டு வாசம் அடிக்குமோ என்று ஒரு கூச்சம். மதியத் தண்ணீர் காட்ட நேரமாகிவிடுமே என்று பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லுமுன் எழுந்து ஓடுவேன். ஆசீர்வாதம் வாங்கி எத்தனை காலமாயிற்று என்று எனக்கே தெரியாது. நீயோ கன்று பால் குடிக்கிற படத்தைப் போட்டு, "மழை, மண்வாசம், மனசு நிறைஞ்சிருக்கு" என்று எழுதுகிறாய். உன் மனசு நிறைந்துவிட்டது மக்கா, நல்லது. எனக்கு முட்டுதான் வீங்கியிருக்கிறது.

வேலையைப் பற்றி நான் இவ்வளவு புலம்புவது வேலைக்காக மட்டும் இல்லை. வேலை செய்து செத்தவர்கள் யாரும் நம் குடும்பத்தில் இல்லை. இந்தச் செவலைதான் என் பிரச்சனை. வந்த புதிதில் கறக்க உட்கார்ந்தால் அது என்ன பாடு படுத்தியது என்று நீ பார்க்கவில்லை, அதற்குள் நீ பஸ்ஸில் இருந்தாய். முன்பு வைத்திருந்தவர்கள் அடித்துக் கறந்திருப்பார்கள் போல. யாராவது கிட்டே போனாலே உடம்பெல்லாம் நடுங்கும், காலை உதறும், பாலை அடக்கிக்கொள்ளும். நான் அதன் பக்கத்தில் முக்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கழுத்தைத் தடவினேன். வாய்க்கு வந்ததைப் பேசினேன். உன்னைப் பற்றிக்கூடக் குறை சொன்னேன், அது காதை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. பால் விட்டது. ஆனால் என் கைக்கு மட்டும்தான் விட்டது. கறவைக்காரரைக் கூட்டிவந்தோம், உதை வாங்கிக்கொண்டு போனார். நீ மெஷின் வாங்கி அனுப்பினாய். அதன் சத்தத்தைக் கேட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு வாழைக்குள் ஓடிவிட்டது. அந்த மெஷின் பெட்டியில் இப்போது ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு இருக்கிறது. "எங்கம்மா கைபட்டாத்தான் செவலை பால் விடும்" என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாய். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? இந்த வீட்டை விட்டு ஓர் இரவுகூட நான் வெளியே தங்க முடியாது என்று அர்த்தம்.

உன் அக்காவின் தலைப்பிரசவத்துக்கு வருவோம். முறைப்படி அவள் இங்கே வந்திருக்கவேண்டும். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கோயம்புத்தூரிலேயே இருந்தாள், நான்தான் போகவேண்டியதாயிற்று. செவலையை என்ன செய்வது? உன் அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஏட்டி, உனக்க நைட்டியை வச்சிட்டுப் போ, நான் பாத்துக்கிடுகேன்" என்றார். துவைக்காத என் பூப்போட்ட நைட்டியைப் போட்டுக்கொண்டு, தலையில் என் துண்டைச் சுற்றிக்கொண்டு, அந்த மீசையோடு அவர் முக்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள் செவலை ஏமாந்துவிட்டது, பால் விட்டது. மறுநாள் அவருக்குத் தும்மல் வந்தது. அது திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். வாளி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அதன்பிறகு ஒரு சொட்டுகூட விடவில்லை. மடி கல்லாக இறுகி, தொட்டால் கதறியதாம். "செவலைக்குக் காய்ச்சல் வந்திட்டு பாத்துக்க. டாக்டர் ஊசி போட்டுட்டாரு. ஆனாலும் பாலைக் கறந்து எறக்கல்லேண்ணா மாடு தங்காதுங்காரு" என்று அவர் போனில் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. உன் அக்கா, "நீ போம்மா, எனக்கு இன்னும் நாளிருக்கு" என்றாள். நான் வந்தேன். நான் செவலையின் மடியில் வெந்நீர் ஒற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே அவளுக்கு வலி கண்டு, பக்கத்தில் பெற்றவள் இல்லாமல் பிள்ளை பிறந்தது. மறுநாள் போனில் அவள் என்னிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "செவலைக்கு இப்பம் எப்பிடி இருக்கும்மா?" அவள் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ அப்போது என்ன செய்தாய்? கேமராவில் உன் அப்பா நைட்டியோடு உதை வாங்குவதைப் பார்த்தாய். அதை வெட்டி எடுத்து, பாட்டுப் போட்டு, குடும்ப குரூப்பில் அனுப்பினாய். அங்கிருந்து அது எங்கெங்கோ போயிற்று. பால் சொசைட்டியில் அவரை, "என்ன அண்ணாச்சி, இண்ணைக்கு நைட்டி போடல்லியா?" என்று கேட்காத ஆள் கிடையாது. எனக்குத்தான் அவமானத்தில் முகம் எரிந்தது. அவர், "சிரிக்கட்டும் விடு. முதல் நாளு பால் விட்டுதுல்லா, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கேனைக் கழுவப் போனார். அந்த மனுஷனை நான் கட்டிக்கொண்டதில் எனக்கு இதுவரை வருத்தமில்லை. ஆனால் உன்மேல் வருத்தம் உண்டு. அன்று சனிக்கிழமை. உனக்கு லீவு. பெங்களூரிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா விழுந்ததைப் பார்த்த முதல் ஆள் நீ. நீ பஸ் ஏறியிருக்கவேண்டும். நீ பாட்டுத் தேடிக்கொண்டிருந்தாய்.

இனி உனக்கு வரப்போகிறவளைப் பற்றிச் சொல்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். அவள் துண்டை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். "மாமி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க எங்கயாவது போணும்ணா மாட்டை யாரு கறப்பா?" என்றாள். நான் துண்டை வாங்காமல் அப்படியே நின்றேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள். நீ கேட்கவில்லை, உன் அப்பாவும் தானாகக் கேட்கவில்லை, சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தில் என்னோடு முப்பது வருஷம் பாடியவர்கள் கேட்கவில்லை. "யாரும் கறக்க மாட்டாவ மக்களே. நான் எங்கயும் போறதில்ல" என்றேன். அவள் துண்டை என் கையில் வைத்தாள்.

இந்தச் சனிக்கிழமை அவளும் அவள் அம்மாவும் நாகர்கோவிலுக்குச் சேலை எடுக்க வந்தவர்கள், போகிற வழியில் நம் வீட்டுக்கும் வந்தார்கள். கறக்கும் நேரம். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகத் தொழுவத்துக்கு வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். செவலை மூக்கை நீட்டி அவளை மோந்து பார்த்தது. காலை உதறவில்லை. எனக்கே ஆச்சரியம். "மாமி, எனக்குக் கறக்கப் படிச்சுத் தாங்க. நான் ரெண்டு வாரத்துல படிச்சிருவேன். நீங்க கோயம்புத்தூர் மைனிக்க ரெண்டாவது பிரசவத்துக்கு நிம்மதியா போலாம்லா" என்று சொல்லிக்கொண்டே மடியை நோக்கிக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டேன். அவள் திடுக்கிட்டுப்போனாள். அவள் அம்மா முகம் சுருங்கியது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "வேண்டாம் மக்களே, இதைத் தொடாத. ஒருக்க உன் கை அதுக்குப் பிடிச்சுப்போச்சுண்ணா பொறவு உன்னை விடாது. அதும் விடாது, எனக்க மகனும் விடமாட்டான்" என்றேன். அவள் எழுந்து போய், கன்றுக்கு வைக்கோல் எடுத்துப் போட்டாள். அவர்கள் போனதும்தான் நான் கேமராவை மூட அந்தத் தவிட்டுச் சாக்கைத் தேடி எடுத்தேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீ எதற்காவது ஆசைப்படும்போது அதை யார் உடம்பு செய்யப்போகிறது என்று முதலில் பார். அந்தப் பெண்ணுக்கும் வேலை இருக்கிறது, உறக்கம் இருக்கிறது, போக ஆசைப்படும் இடங்கள் இருக்கின்றன. "அவ பாத்துக்கிடுவா" என்று அவளைக் கேட்காமல் ஒரு சபையில் நீ சொன்னாய் என்று என் காதில் விழுந்தால், நான் அந்தச் சபையிலேயே எழுந்து நின்று மறுத்துப் பேசுவேன். என்னைப் பற்றிச் சொன்னபோது முந்திரிக்கொத்தை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அவளுக்காக அப்படி இருக்கமாட்டேன்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். உன் அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. வருகிற மாதம் முதல் செவ்வாய்க்கிழமை நான் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறுகிறேன். அதற்குள் உனக்கு மூன்று வாரம் இருக்கிறது. உனக்குப் பண்ணை வேண்டும் என்றால் நாளைக்கே லீவு சொல்லிவிட்டு வா. போட்டோ எடுக்க வராதே, என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வா. முதலில் சில நாள் செவலை உன்னை மதிக்காது. உதைக்கும், வாங்கிக்கொள். உன் அப்பா வாங்கவில்லையா? சாணி அள்ளு, தண்ணீர் காட்டு, கழுத்தைத் தடவு, பேசு. உன் கைக்கு அது பால் விட்டதென்றால் நான் ரயிலேறும் அன்று நீ இங்கே நின்று கறக்கலாம். அப்போது இதைப் பண்ணை என்று சொல், உன்னுடையது என்று சொல், நான் மறுக்கமாட்டேன். நீ வரவில்லை என்றாலும் நான் சண்டை பிடிக்கமாட்டேன். தடிக்காரன்கோணத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மாடு வளர்க்கிறார்கள். அடிக்காமல் கறக்கிறவர்கள், இரண்டு பேர் கையும் மாட்டுக்குப் பழக்கம். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பெண் செவலையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல், நான் சரி என்றால் மூன்றையும் கன்றோடு ஓட்டிப்போவார்கள். கோழிகளை உன் அப்பா பிடிக்க முடிந்தவரை பிடித்து வடசேரிச் சந்தைக்குக் கொண்டுபோவார். செவலை போகும்போது நான் அழுவேன். ஊருக்குக் கேட்க அழுவேன். அது வேறு, இது வேறு. அழுதுகொண்டேதான் அனுப்புவேன்.

அக்கா நேற்று ராத்திரி போன் பண்ணினாள். சுற்றி வளைத்து எதையெதையோ பேசினாள். செவலை சுகமா, அப்பா சுகமா, மழை உண்டா என்றாள். கடைசியில் மெதுவாக, "இந்தத் தடவ எத்தன நாளு நிப்பம்மா?" என்று கேட்டாள். போகிற டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறேன், வருகிற டிக்கெட் எடுக்கவில்லை என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதாக்கும் என்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் அழுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அம்மா